ஹோகன் ஒழுங்கை

இணுவிலில் ஒழுங்கைகளுக்குப் பஞ்சமில்லை. இன்று பல இடங்களில் மதில்கள் எழுந்துவிட்டபோதிலும், கிடுகு வேலிக்கும் கதியால் வேலிக்கும் இடையே ஒரு மாட்டுவண்டில் மட்டும் போகத்தக்க அகலத்தில் அவை வளைந்து கிடந்த காலம் எம்மிற் பலருக்கு நினைவிருக்கும். அவற்றுக்குப் பெயர்சூட்டு விழா எடுத்தவர் எவருமிலர். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அவ்வழியே போய்வர, அக்குடும்பத்தின் பெயர் ஒழுங்கைக்குத் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கார்னூஸ்ரி என்னும் சிற்றூரிலும் ஒருவருடைய பெயரைத் தாங்கிய ஒழுங்கை ஒன்று உண்டு. அதன் தரை வெறும் புல். ஒருபுறம் வேலி, மறுபுறம் மணற்குழிகள். அந்த இடுக்கு வழியே ஒரு சிறு வெள்ளைப் பந்தை அடித்து அனுப்பியதனாலேயே ஒரு மனிதர் அதற்குப் பெயராகிவிட்டார். அவர் அவ்வூரார் அல்லர், அத்தேசத்தவரும் அல்லர். வாழ்நாளில் ஒரேயொரு முறை, அதுவும் சில வாரங்களே அங்கு தங்கிச் சென்ற அமெரிக்கர். பெயர் பென் ஹோகன்.

நான் கோல்ப் ஆடியவனல்லன். புகையிலைக்கும் மரவள்ளிக்கும் தண்ணீர் கட்டிய செம்மண்ணில் அதற்கு இடமும் இருக்கவில்லை. எங்கள் நாட்டில் அது ஆங்கிலேயர் கொண்டுவந்த விளையாட்டு. கொழும்பு றோயல் கோல்ப் கழகம் 1880-ம் ஆண்டில் காலிமுகத் திடலிற் தொடங்கிப் பின்னர் பொறளைப் பக்கத்துக்கு மாறியது. நுவரெலியாவின் குளிரில் தேயிலைத் தோட்டத் துரைமார் தமக்கென ஒரு மைதானம் அமைத்துக்கொண்டனர். அந்த மைதானங்களுக்கும் இணுவிலுக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. எனினும் ஹோகனுடைய சரித்திரத்தை வாசித்தபோது, அவர் செய்த காரியம் எங்கள் ஊரார் நன்கறிந்த ஒன்றாகவே எனக்குத் தோன்றியது.

முதல் அடியும் கடைசி அடியும்

தவிற்கலைக்குப் பேர்போனது எங்கள் ஊர். தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த மண் இது. கோயில் வீதியில் நள்ளிரவு தாண்டியும் தனிக்கச்சேரி கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். தீர்மானம் வைக்கும் வித்துவான் அது எங்கே வந்து விழவேண்டும் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்கிறார். அந்த எடுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த இடத்திற் தொடங்கவேண்டும் என்று கண்டுகொள்கிறார். தொடக்கத்தில் அரை அட்சரம் பிசகினால் முடிவில் முழு மண்டபமும் அதை அறியும். முடிவைக் கொண்டு தொடக்கத்தை அறியும் இந்தக் கணக்கே ஹோகனுடைய வித்தையுமாகும்.

கோல்ப் ஆட்டத்தைக் காணாத வாசகருக்குச் சிறிது சொல்லவேண்டும். மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்கத் திடல் உண்டு. அங்கிருந்து அடித்த பந்து, செதுக்கிய புல்வீதி வழியே சென்று, தொலைவிலுள்ள வழுவழுப்பான புற்றரையை அடைந்து, அங்குள்ள குழியில் விழவேண்டும். எத்தனை குறைந்த அடியில் இது நிறைவேறுகிறதோ அத்தனை நன்று. வழியிலே மணற்குழி, நீரோடை, நெடும்புல், மரம் என்று பலவகை இடையூறுகள்.

தொடக்க அடிக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இரண்டு அடையாளங்களுக்கு இடையில், பின்புறமாக இரண்டு கோல் நீளத்துக்குள், தான் விரும்பிய இடத்திற் பந்தை வைக்கலாம். 'ரீ' எனப்படும் சிறிய ஆணியின்மேல் அதனை உயர்த்தியும் வைக்கலாம். புற்றரையை அடையும்வரை இதற்குப் பின் வரும் அடிகளுக்கெல்லாம் பந்து கிடந்த இடந்தான் இடம். கிடந்த கிடைதான் கிடை. ஆகவே, ஒரு குழிக்கான ஆட்டத்தில் மனிதன் முற்றிலும் சுதந்திரனாக நிற்பது அந்த முதற் கணத்தில் மாத்திரமே. பெரும்பாலானோர் அச்சுதந்திரத்தை வீணே செலவிட்டுவிடுகின்றனர். பையிலுள்ள மிக நீண்ட கோலை உருவி, இயன்ற மட்டும் தூரத்துக்கு ஓங்கியடித்துவிட்டு, பின்னர் பந்து போய்க் கிடக்கும் இடத்தைப் பார்த்துத் தலையிற் கைவைப்பர். அந்த வழக்கத்தைக் கைவிட்டு, சிந்தித்து அடித்தவர்களில் ஹோகன் தலையாயவர்.

கொல்லன் மகன்

ஹோகன் 1912-ம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 13-ம் திகதி ரெக்ஸாஸ் மாநிலத்திற் பிறந்தார். தந்தை டப்ளின் என்னும் சிற்றூரில் இரும்புக் கொல்லராயிருந்தவர். குதிரைகள் ஒழிந்து மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. தொழில் நலிந்தது, குடும்பம் போர்ட் வேர்த் நகருக்குப் பெயர்ந்தது. 1922-ம் ஆண்டு பெப்ரவரியில் தந்தையார் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அப்போது பென்னுக்கு வயது ஒன்பது.

தாயார் தையல்வேலை செய்தார். சிறுவன் புகையிரத நிலையத்திற் பத்திரிகை விற்றான். பதினோராவது வயதில், பல மைல் தொலைவிலிருந்த கிளென் கார்டன் கழகத்தில் ஆட்டக்காரரின் கோற்பையைச் சுமக்கும் வேலை கிடைத்தது. ஒரு சுற்றுக்குக் கூலி 65 சதம். அங்கே அவனுடன் சுமை தூக்கியவன் பைரன் நெல்சன் என்னும் ஒத்த வயதுப் பையன். பிற்காலத்தில் அவனும் பெரும் வீரனானான். 1927-ம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று சுமைகாரப் பையன்களுக்கு நடந்த போட்டியில் நெல்சன் வென்றான். ஹோகனுக்குக் கிடைத்தது ஓர் அடி வித்தியாசத்திற் தோல்வி.

கோற்பை சுமப்பவனுக்குக் கண்ணே கல்வி. எந்தக் கோலை எடுத்தால் பந்து எத்தனை யார் போகும், காற்று எப்பக்கம் வீசுகிறது, நிலம் எவ்விடத்திற் சரிகிறது, எந்தக் கனவான் தன் பலத்தை மிகைப்படுத்தி எண்ணுகிறான் என்பனவற்றையெல்லாம் அவன் அன்றாடம் காண்கிறான். பணமுடையவர் முதுகில் அடிபடாமல் மண்ணில் விழும் தவறுகளை, பணமில்லாத சிறுவன் தன் தோளிற் சுமந்து கற்றுக்கொள்கிறான்.

1930-ம் ஆண்டில், பதினேழாவது வயதில், ஹோகன் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதன்பின் பத்து ஆண்டுகள் கஷ்டகாலம். கையிற் பணம் தீர்ந்து ஊர் திரும்புவதும், சிறுதொழில் செய்து கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மீண்டும் புறப்படுவதுமாகக் காலம் கழிந்தது. 1935-ல் வலரி என்னும் பெண்ணை மணந்தார். 1938-ம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில், கையிருப்பு கரைந்துபோன நிலையில், காரின் பின் சில்லுகளையும் எவரோ கழற்றிக்கொண்டு போய்விட்டனர். அன்றைய போட்டியிற் கிடைத்த சில நூறு டொலரே அவரை மைதானத்தை விட்டுப் போகாமற் காத்தது.

அவருடைய தோல்விகளுக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் அடித்த பந்து, நெருக்கடி வேளைகளில், கொக்கிபோல இடப்பக்கம் வளைந்து விழும். அவ்விதம் வளையும் பந்து தரையைத் தொட்டபின்னும் நெடுந்தூரம் உருண்டோடி ஆபத்திற் புகும். ஹோகன் சிறிய உடலினர். 140 இறாத்தல் அளவே நிறை. தூரம் வேண்டித் தம் முழுப்பலத்தையும் பந்தின்மேற் செலுத்தியதன் விலை அது. அந்தப் பழுதை நீக்குவதற்காகப் போட்டி முடிந்து மற்றவர் விருந்துக்குப் போன மாலைகளில் அவர் தனியே நின்று நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்தார். போட்டிக்களமே பயிற்சிக்களம் என்றிருந்த அக்காலத்தில் இஃது ஒரு புதுமை.

1940-ம் ஆண்டு பைன்ஹேர்ஸ்ற் என்னுமிடத்தில் முதன்முதலாகத் தனித்து ஒரு வெற்றி கிடைத்தது. பின்னர் வெற்றிகள் தொடர்ந்தன. உலகப் போரின்போது படையிற் சேவை செய்து திரும்பியவர், பந்தை இடமிருந்து வலமாக மென்மையாக வளைத்தனுப்பும் முறையைக் கைவரப்பெற்றார். அப்படி அடித்தால் தூரம் சிறிது குறையும். ஆனால் பந்து விழுந்த இடத்தில் அடங்கி நிற்கும். இத்தகைய வளைவுடையவர் தொடக்கத் திடலின் வலக்கோடியிற் பந்தை வைத்து, புல்வீதியின் இடக்கரையைக் குறிபார்ப்பர். பந்து நேரே போனாலும் புல்வீதியின் இடப்பகுதி, வளைந்தால் நடுவிடம், அதிகம் வளைந்தால் வலப்பகுதி. ஒரு கரையிலிருந்து மறுகரைவரை முழு அகலமும் அவருக்குக் காவலாகிவிடும். நடுவைக் குறிபார்ப்பவனுக்கோ பாதி அகலமே மிச்சம். தம் குறையை அறிந்து, அக்குறைக்கும் சேர்த்து இடம் ஒதுக்குவதே விவேகமான தொடக்க அடி என்பதை ஹோகன் வறுமையிலே கற்றார்.

பாலத்தின்மேல் நேர்ந்தது

1948-ல் அமெரிக்காவின் மிகப்பெரிய போட்டியாகிய தேசியத் திறந்த போட்டியை வென்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 2-ம் திகதி காலை, மனைவியுடன் காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மேற்கு ரெக்ஸாஸில் வான் ஹோர்ன் என்னுமிடத்துக்கு அப்பால் மூடுபனி. ஒடுக்கமான பாலம். பார வண்டியொன்றை முந்திக்கொண்டு வந்த பெரிய பஸ் ஒன்று நேரே எதிர்ப்பட்டது. விலக இடமில்லை. அக்கணத்தில் ஹோகன் திசைமாற்றியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மனைவியின் மேலே பாய்ந்து அவரைத் தம் உடலால் மறைத்தார். மோதிய வேகத்தில் திசைமாற்றித் தண்டு ஓட்டுநர் ஆசனத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. மனைவியைக் காக்கப் பாய்ந்ததனால் அவரும் பிழைத்தார்.

இடுப்பெலும்பு இரண்டிடத்தில் முறிந்தது. காறையெலும்பும் இடது கணுக்காலும் முறிந்தன. வைத்தியசாலையில் இரத்தம் உறைந்து கட்டிகள் நுரையீரலை நோக்கிச் செல்லத் தொடங்கவே, நியூ ஒர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த சத்திரவைத்தியர் வயிற்றிலுள்ள பெருநாளத்தைக் கட்டினார். உயிர் தப்பியது. ஆனால் கால்களின் இரத்தவோட்டம் அதன்பின் ஒருபோதும் சீராகவில்லை. ஆயுள் முழுவதும் அவை வீங்கும். நெடுந்தூரம் நடந்தால் வலியெடுக்கும். அவர் நடப்பாரோ என்றே வைத்தியர்கள் ஐயுற்றனர்.

ஓராண்டுக்குள் மைதானத்துக்கு வந்தார். 1950-ம் ஆண்டு ஜூனில், பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள மெரியன் மைதானத்தில் தேசியத் திறந்த போட்டி. இறுதி நாளில் 36 குழிகள் ஆடவேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை துணிப்பட்டி சுற்றிக்கொண்டு ஆடினார். பிற்பகலிற் கால்கள் மரத்து, ஒருதடவை விழப்போய்த் தாங்கிக்கொண்டார். கடைசிக் குழிக்கு வந்தபோது நான்கு அடிகளில் முடித்தாற்றான் முன்னணியில் நின்ற இருவருடன் சமநிலை.

அக்குழியில் அவர் ஒன்றாம் இலக்க இரும்புக் கோலால் அடித்த இரண்டாவது அடியைப் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தம். நானோ அப்படத்தைக் காணும்போதெல்லாம் அதில் இல்லாத முதலடியையே நினைக்கிறேன். கைவிடப்பட்ட ஒரு கற்குழியைத் தாண்டி, தளர்ந்த கால்களுடன், அந்த இரண்டாவது அடிக்கு ஏற்ற சமதரையிற் பந்தைக் கொண்டுபோய் வைத்த அடி அது. அந்த இடம் வாய்த்திராவிடின் படமும் இல்லை, கோப்பையும் இல்லை. மறுநாள் நடந்த மேலாட்டத்தில் ஹோகன் 69, மங்கிறம் 73, பாசியோ 75.

1951-ல் டெற்றொயிற் நகரருகே ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானத்தில் நடந்த போட்டி தொடக்க அடிக்கே வைக்கப்பட்ட பரீட்சை எனலாம். மைதானத்தைத் திருத்தியமைத்த றொபேட் ட்ரென்ற் ஜோன்ஸ், அக்காலத்து வீரரின் முதலடி எங்கே விழும் என்று கணித்து, அவ்விடங்களின் இருமருங்கிலும் மணற்குழிகளை வெட்டுவித்தார். புல்வீதி அங்கே இடுப்புப்போல ஒடுங்கியது. வழக்கம்போல ஓங்கியடித்தவர்கள் மணலில் விழுந்தனர். ஹோகனும் முதல் நாளில் 76 அடிகள் எடுத்தார். அடுத்து 73, 71. கடைசிச் சுற்றில் 67. அந்தப் போட்டியில் வகுத்த 70-க்குக் குறைவாக ஆடியவர்கள் இருவரே. அவருள் ஒருவர் ஹோகன். அதே மைதானம், அதே குழிகள். அவர் அவற்றைப் படித்துக்கொண்டார் என்பதொன்றே வேறுபாடு.

கார்னூஸ்ரி

1953-ம் ஆண்டில், நாற்பது வயதில், அமெரிக்காவின் இரு பெரும் போட்டிகளை வென்றபின், நண்பர்களின் தூண்டுதலால் ஹோகன் ஸ்கொத்லாந்துக்குச் சென்றார். அதற்குமுன் பிரித்தானியத் திறந்த போட்டியில் அவர் ஆடியதில்லை. அங்கே அக்காலத்திற் பந்து சிறிது; அமெரிக்கப் பந்தின் விட்டம் 1.68 அங்குலமாயின் இது 1.62. காற்றிலே அதிக தூரம் செல்லும். தரையும் வேறு, கடற்காற்றும் வேறு. ஆகவே இரண்டு வாரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, பக்கத்திலுள்ள பன்மியூர் மைதானத்திலும் கார்னூஸ்ரியிலும் பழகினார். மாலை வேளைகளிற் கோல் எதுவுமின்றி, கடைசிக் குழியிலிருந்து முதற்குழி நோக்கி, புற்றரையிலிருந்து தொடக்கத் திடல் நோக்கித் தலைகீழாக நடந்து மைதானத்தைப் பார்த்தார் என்பர். குழியிலிருந்து திரும்பிப் பார்த்தாற்றானே, எந்த இடத்திலிருந்து வரும் பந்துக்கு வழி திறந்திருக்கிறது என்பது தெரியும்? முடிவிலிருந்து தொடக்கத்துக்கு எண்ணும் தவிற்கணக்கு இதுதான்.

ஆறாவது குழி 550 யாருக்கு மேற்பட்ட நீளமுடையது. இடப்பக்கம் நெடுகிலும் வேலி. அதற்கப்பால் பந்து போனால் ஓரடி தண்டம். மீண்டும் தொடக்கத்திலிருந்தே அடிக்கவேண்டும். புல்வீதியின் நடுவில் மணற்குழிகள். அவற்றுக்கு வலப்புறம் விசாலமான பத்திரமான இடம். வேலிக்கும் மணற்குழிக்கும் இடையே ஓர் ஒழுங்கை. வலப்புறம் அடித்தவருக்கு முதலடி சுலபம். ஆனால் அங்கிருந்து புற்றரைக்குப் போகும் வழி கோணலானது. இடப்புற ஒழுங்கையிற் பந்தை நிறுத்தியவருக்கோ இரண்டாவது அடிக்கு நேர்வழி.

ஹோகன் ஒழுங்கையைத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் அவ்வழியே பந்தை அனுப்பினார் என்று அவ்வூரார் சொல்லிவருகின்றனர். பார்த்தவர்களுக்கு அது துணிச்சல். அவருக்கோ கணக்கு. வேலிக்குமேலே குறிபார்த்து, பந்தை வலப்புறமாக வளைத்து உள்ளே கொண்டுவரும் ஆற்றல் இருபது ஆண்டு உழைப்பிற் கிடைத்தது. கொக்கிபோல இடப்பக்கம் வளைந்த பழைய கைப்பழக்கத்துடன் வந்திருந்தால் அந்த ஒழுங்கையை அவர் ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

சுற்றுக்கள் நான்கும் 73, 71, 70, 68. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடக் குறைவு. கடைசி நாள் காய்ச்சலுடன் ஆடினார். நான்கு அடி வித்தியாசத்தில் வெற்றி. சிரிப்பும் பேச்சும் இன்றி நடந்த அம்மனிதரைச் சின்னப் பனிமனிதர் என்று ஸ்கொத்லாந்தர் அன்புடன் அழைத்தனர். இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்ட நால்வருள் ஒருவர் அவுஸ்திரேலியரான பீற்றர் தொம்சன்; 1964-ல் இந்தியத் திறந்த போட்டி தொடங்கியபோது அதன் முதல் வெற்றியாளர் அவரே. ஹோகன் நாடு திரும்பியபோது நியூயோர்க் வீதியில் காகிதமழை பொழிந்து வரவேற்றனர்.

கணக்குத் தப்பிய நாள்

கணக்கறிந்தவருக்கும் கணக்குத் தப்பும் நாள் உண்டு. 1960-ம் ஆண்டு, கொலராடோவின் செரி ஹில்ஸ் மைதானத்தில், 47 வயதில், ஐந்தாவது தேசியத் திறந்த வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பதினேழாவது குழியில் நீருக்கு மிக அருகிலிருந்த இலக்கைத் தொட முயன்றார். பந்து பின்வாங்கி நீரில் விழுந்தது. இழந்ததை மீட்கவேண்டிய நெருக்கடியில் பதினெட்டாவது குழியின் தொடக்கத் திடலில் நின்றார். அந்த முதலடியும் இடப்புறம் போய் ஏரியில் விழுந்தது. கோப்பை ஆர்னல்ட் பாமருக்குப் போயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் துரத்தியடித்த கொக்கி, கணக்குப் பார்க்க அவகாசமில்லாத அந்த ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது.

அவர் எழுதிய நூல் 1957-ல் வெளிவந்தது. அது இன்றும் கோல்ப் பயில்வோர் கையில் இருக்கிறது. கோல்கள் செய்யும் தொழிற்சாலையொன்றையும் நிறுவினார். அங்கே செய்தவை தமக்குத் திருப்தி தராதபோது விற்கமாட்டேன் என்று முதல் தொகுதியை முற்றாக ஒதுக்கியவர் அவர். 1997-ம் ஆண்டு ஜூலை 25-ம் திகதி, 84-வது வயதில், போர்ட் வேர்த் நகரிலேயே காலமானார். தந்தை காலத்தில் வறுமையுடன் வந்து சேர்ந்த அதே நகரம்.

2003-ம் ஆண்டில், அவருடைய வெற்றிக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, கார்னூஸ்ரியின் ஆறாவது குழிக்கு 'ஹோகன் ஒழுங்கை' என்னும் பெயர் முறைப்படி சூட்டப்பட்டது. ஊர்வாயில் அது முன்பே வழங்கிவந்த பெயர்தான். எங்கள் ஊர் ஒழுங்கைகளைப் போலவே.

இன்றும் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்து அத்தொடக்கத் திடலில் நிற்பவர்கள், அந்த மகானைப் போலத் தாமும் இடப்புறம் அனுப்ப ஆசைப்படுகிறார்களாம். ஆசை இயல்பே. ஆயினும் ஹோகன் இடப்பக்கம் போனது, அது இடுக்கமானது என்பதற்காக அன்று. தம் கை எங்கே வளையும் என்பதைத் தெரிந்திருந்தார். அடுத்த அடி எங்கிருந்து சுலபம் என்பதைத் தெரிந்திருந்தார். கை அவ்வளவு பழகாதவன், தன்னை உள்ளபடி எடைபோட்டு, மணற்குழிக்கு வலப்புறத்து விசாலத்திலே பந்தை வைத்துவிட்டு, ஓரடி கூடினாலும் குற்றமில்லை என்று அமைதியாக நடந்து போவானாயின், அந்த மனிதருக்குரிய மரியாதையைச் செய்தவன் அவனே. அவனுக்கு ஹோகன் ஒழுங்கை வலப்புறத்தில் இருக்கிறது.